மாதா படம் போட்ட சிடி டப்பா

என் மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே பாட்டு அறைக்குக் கேடு வந்தது. கேட்டி என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டின் சின்ன அறை அது. ஊரிலிருந்து சேலைகளுக்கு நடுவே பொத்திக் கொண்டுவந்த இசைத்தட்டுகளும், இங்கே கடைக் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் வாங்கிய சிடிகளும் சுவர் முழுக்க நின்றன.

"அப்பா, நோபடி ப்ளேஸ் தீஸ் எனிமோர். பேபிக்கு ரூம் வேணும்" என்றாள் மகள்.

மனைவியும் அவள் பக்கம். "பாட்டுக் கேக்கவா அந்த ரூமுக்குப் போறீங்க? தூசி தொடைக்கத்தான போறீங்க. குடுத்துத் தொலைங்க."

கொடுக்க மனமில்லை. பேரப்பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. நல்ல ஆளாக வந்து வாங்கிப்போனால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன்.

ஒன்றை மட்டும் கொடுப்பதாக இல்லை. மகள் ஐந்து வயதில் படுக்கப் போகுமுன் சொன்ன ஜெபத்தை நண்பர் ஒருவர் சிடியில் பதித்துக் கொடுத்திருந்தார். மங்கள வார்த்தை ஜெபம் முழுவதும் தமிழில். கடைசியில் அவளாகவே சேர்த்துக்கொண்டது: "சாமி, எங்க அப்பா பாட்டுப்பெட்டி ரிப்பேர் ஆகக் கூடாது." பள்ளிக்கூடம் போன பிறகு அவள் வாயில் தமிழ் நிற்கவில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அதன் தாயின் தமிழைக் கேட்கக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்த சிடி மாதா படம் போட்ட டப்பாவில் இருந்தது. டப்பாவை எடுத்து ஜெப அலமாரியில் வைத்தேன். திறந்து பார்க்கவில்லை.

வாங்க வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். இசைத்தட்டு ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கீறல் கண்டால் உச்சுக்கொட்டினார். சிடிகளைப் பார்க்கக்கூட இல்லை; அட்டைப்பெட்டிகளில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். அவர் வண்டி திரும்புவதற்குள் மகள் தொட்டிலுக்கு அளவெடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "அது மூடி ஒடஞ்சு கெடந்துச்சுங்க. ஏதோ சினிமாப் பாட்டு டப்பா காலியா இருந்துச்சு, அதுல மாத்தி வச்சேன். அது ஆச்சு எத்தனையோ வருஷம்."

"எங்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"நீங்க தொறந்து பாக்க வேண்டாமா?"

அவளைச் சொல்லி என்ன? எங்கள் வீட்டில் காப்பித்தூள் பாட்டிலில் மிளகாய்த்தூள் இருக்கும், பிஸ்கட் டின்னில் ஊசி நூல் இருக்கும், ஐஸ்கிரீம் டப்பாவில் மீன் குழம்பு இருக்கும். மேலே ஒட்டியிருப்பதை நம்பக் கூடாது என்று தெரிந்தே இத்தனை வருடம் அங்கே சாப்பிட்டவன், மாதா படத்தை நம்பிவிட்டேன்.

மகள்தான் அந்த ஆளுக்கு போன் பண்ணினாள். வீட்டில் பதித்த சிடிகளை யாரும் வாங்குவதில்லை, டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு அதையெல்லாம் அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று என்றார். மரியாதையாக மன்னிப்பும் கேட்டார்.

"வாட் வாஸ் ஆன் இட், அப்பா?"

சொன்னேன்.

"நானா? தமிழ்லயா?" என்று சிரித்தாள். முன்பே சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் போனில் ஏற்றியிருப்பேனே என்று இங்கிலீஷில் கோபித்துக்கொண்டாள். பிறகு பெயிண்ட் அட்டைகளை நீட்டி, எந்த நிறம் என்று கேட்டாள். மஞ்சள் என்றேன். வேறு என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை வந்தது, அந்தோணியார் நாள். காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று உலகமே அவரிடம் போகிறது. நான் கேட்டதோ வாங்கிப்போக ஒரு ஆளை. கேட்டதைத் தந்துவிட்டார், நேர்ச்சையை மீறக் கூடாது. கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஜெபம் சொல்லாமல் திரும்பி வந்தேன்.