பினியனின் ஒன்பதாவது பல்

இன்று கடையில் ஒரு காரின் பின் ஆக்சிலைப் பிரித்ததும் கியர் ஆயில் வாடை அடித்தது. பல் எண்ண வேண்டுமே என்று பயம் வந்தது. மெக்கானிக்காக இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கம்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மூன்றாம் வகுப்போடு நின்று பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்திருந்தேன். சிவகாசியில் பட்டாசு லோடு வண்டி ஓட்டிய மாமா, பழைய கார் ஒன்றை மறுநாள் ரேஸுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். பாதை முழுக்க வளைவு. பின் ஆக்சிலுக்குள் எட்டுப் பல் பினியன், அதாவது சின்னப் பல்சக்கரம், போட்டால் வளைவிலிருந்து சீறிக் கிளம்பும். ஒன்பது என்றால் நேர் ரோட்டில்தான் பறக்கும். சாக்கில் இரண்டு செட்டும் கிடந்தன.

காருக்கடியிலிருந்து மாமா கத்தினார்: "ஏலே மருமகனே, எட்டுப் பல்லு செட்டை எண்ணி எடுலே!"

மாத்திரையைக்கூட ஒன்று என்று எண்ண மாட்டார் மாமா. "லாபம்" என்றுதான் தொடங்குவார். நானும் பெரிய மனுசனாக "லாபம், ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினேன். எட்டு வந்தது. கொடுத்தேன். மாட்டி மூடிவிட்டார்.

மிச்சமிருந்த செட்டைச் சும்மா எண்ணிப் பார்த்தேன். ஏழு. இருந்தது எட்டும் ஒன்பதும்தானே!

மாமா ஆயில் கேனைத் தூக்கினார்.

"மாமா... லாபத்துக்கு அடுத்து ஒண்ணா, ரெண்டா?"

கேன் அந்தரத்தில் நின்றது. "ரெண்டுலே. ஏன் கேக்க?"

அப்படியானால் உள்ளே மாட்டியது ஒன்பது. நான் அழுதேன். அவர் அடிக்கவில்லை.

"நாளைக்கு என்னைய மாட்டுவண்டிக்குப் பின்னால வர விட்டிருப்பியேலே!" என்றபடி மறுபடி காருக்கடியில் படுத்தார்.

இன்று பினியன் பல்லில் சாக்பீஸால் குறி போட்டு நான்காவது தடவை எண்ணுகிறேன். கார்க்காரர் பொறுமையிழந்துவிட்டார்.

"ஏண்ணே, எண்ண எண்ண அங்கன பல்லு முளைக்கவா செய்யுது?"