பிரேக் இல்லாத பக்கம்

எங்கள் காரின் இடப்பக்கத்து ரப்பர் மிதியடியில், உட்காருகிறவரின் வலது கால் படும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேய்மானம் இருக்கிறது. வரிவரியாக இருந்த ரப்பர் அங்கே மட்டும் வழவழவென்று ஆகி, நடுவில் இற்றுப் போய்விட்டது. ஓட்டுகிறவர் பக்கத்து மிதியடிகூட இவ்வளவு தேயவில்லை. போன வாரம் காரைக் கழுவிய கடைக்காரர் அதைத் தூக்கிக் காட்டி, "இத மாத்திரலாங்களா? இந்தப் பக்கம் எப்படிங்க தேஞ்சுது?" என்று கேட்டார். கழுவி அப்படியே போட்டுவிடச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பிரேக் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் காலுக்கு மட்டும் அது கடைசிவரை தெரியவில்லை.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலம், மறுபடி வேலூர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இதுதான் அவருடைய உலகம். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பேருந்தில் போனால் கடைசி இருக்கையாகப் பார்த்துப் போய் உட்காருவார். சாலை கண்ணில் படக்கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் வலது கால் தானாக எழுந்து தரையை மிதிக்கும். "வண்டிய நிறுத்தற வேலைய அந்த டிரைவரு பாத்துக்குவாரு, நீங்க சும்மா வாங்க" என்று அம்மா முழங்கையால் இடிப்பாள். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொள்வார். அடுத்த திருப்பத்தில் அது மறுபடி வெளியே வந்திருக்கும்.

எனக்குக் கல்யாணம் முடிவானது, அவர் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தபோது. எங்கள் பக்கத்தில் நிச்சயத்தை உப்புச்சக்கரை என்போம். இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டுவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்குக் காட்டுகிற மரியாதையில் ஒரு குறையும் வரக்கூடாது. முதல் இலை அவருக்கு, நல்ல நாற்காலி அவருக்கு, வண்டி என்றால் முன் இருக்கை அவருக்கு. மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோடு, பெங்களூரில் வேலை. அமைதியான மனிதர், இவ்வளவு மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். உப்புச்சக்கரை விருந்தன்று அவருடைய அம்மா, அதாவது என் வருங்கால மாமியார், வெற்றிலையை மடித்தபடி ஒரு கதை சொன்னார். அவர்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு நிச்சயமான வாரத்திலேயே பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டதாம். "பொண்ணு ராசி சரியில்லீன்னு அதோட உட்டுட்டோமுங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டுகூட. அப்பா மட்டும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

சேலத்தில் பட்டு எடுத்த நாள் அது. மாப்பிள்ளை வீட்டார் கடையிலிருந்தே திருச்செங்கோட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அப்பா காரில் கூட்டி வந்தார். கல்யாணத்தை முன்னிட்டு அப்பா வாங்கிய பழைய கார்தான் இது. வழியில் டீ குடிக்க நிறுத்தியவர், திரும்பி வந்ததும் சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"மாப்ள, நீங்க ஓட்டுங்க."

"இல்லீங்க மாமா, நீங்களே ஓட்டுங்க."

"அட, ஓட்டுங்க. உங்க வண்டி மாதிரி நெனச்சுக்குங்க."

காருக்கு முன்னால் நின்றுகொண்டு இருவரும் சாவியை ஒருவர் கையில் ஒருவர் திணித்தார்கள். டீக்கடைக்காரர் வேடிக்கை பார்த்தார். இப்படிப்பட்ட போட்டியில் எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்தான் ஜெயிப்பார். அன்றைக்கும் அப்படியே ஆயிற்று. வாழ்நாளெல்லாம் இன்னொருவர் ஓட்ட உட்கார முடியாத மனிதர், வேண்டி விரும்பி இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஓட்ட வந்தவருக்கோ ஒரு பேருந்து ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓட்ட வேண்டிய கொடுமை. பின்னால் அம்மாவும் நானும், மடியில் பட்டுப்புடவைப் பெட்டிகள்.

நாமக்கல்லுக்குள் பரமத்தி ரோடு பிரிகிற சிக்னலில் மஞ்சள் விழுந்தது. போவதா நிற்பதா என்று மாப்பிள்ளை ஒரு கணம் யோசித்தார். அந்தக் கணத்தில் அப்பாவின் கால் தரையை ஓங்கி மிதித்தது. பின்னால் இருந்த எங்களுக்கே அந்தச் சத்தத்தில் திடுக்கென்றது. என்னவோ என்று மாப்பிள்ளை அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சிவப்பு விழுந்து, கார் கோட்டைத் தாண்டி, குறுக்கே வந்த மொபெட்டின் பின்பக்கத்தை இடித்தது. மொபெட்டில் வந்த நடுவயது அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் பின்னால் கட்டியிருந்த முட்டை அட்டைகள் எல்லாம் போயின. வெயிலில் தார் ரோட்டில் மஞ்சள் கருக்கள் பரவியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

மாப்பிள்ளை இறங்கி ஓடி அந்த அம்மாவைத் தூக்கிவிட்டு, ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் காருக்கு அருகில் வந்தபோது ஓட்டுநர் பக்கத்துக் கதவோரம் அப்பா நின்றிருந்தார். சாவி அவர் கையில் இருந்தது. எப்போது சுற்றி வந்தார், எப்போது சாவியை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

"யாருங்க ஓட்டுனது?"

"நாந்தானுங்க."

அங்கிருந்த ஏட்டுக்கு அப்பாவைத் தெரியும். தினமும் அந்தச் சிக்னலில் அவரைப் பார்க்கிறவர். "அண்ணா, நீங்களா இப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஸ்.ஐ. இயந்திரத்தில் அபராதச் சீட்டு அடித்துக் கொடுத்தார். சிவப்பு விளக்கைத் தாண்டி மோதியதால் அபராதத்தோடு விஷயம் முடியாது என்றும், ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைக்க எழுதுவார்கள் என்றும், ஏதாவது சொல்வதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலக விசாரணையில் சொல்லலாம் என்றும் தன்மையாகவே விளக்கினார். மாப்பிள்ளை அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து வாயைத் திறந்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் மூடிக்கொண்டது.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் அப்பாவின் வேலையில் கடைசி நாள் வந்தது. வெளியாட்களுக்கு இதன் கனம் புரியாது. ஓய்வு பெறும் ஓட்டுநர் கடைசி நாளில் தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு டெப்போவுக்குள் வரவேண்டும். காலையிலேயே வண்டிக்கு மாலை கட்டுவார்கள். மனைவி, பிள்ளைகள் எல்லாம் அன்றைக்கு அந்த வண்டியில் போவார்கள். கடைசியாக இறங்கும்போது சில ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு அழுதுவிடுவார்கள். மற்றவர்களின் கடைசி டிரிப்புக்கு மாலை கட்டிவிட்டு வந்து அப்பா வீட்டில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். எங்கள் நாளில் நான் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார்; அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி.

விசாரணை நாள் வரைக்கும் எங்கள் வீடு மூச்சுவிடவில்லை. அப்பாவோடு பல வருடம் ஓடிய கண்டக்டர் வந்து உட்கார்ந்து, "ஓட்டுனது மாப்பிள்ளைன்னு சொல்லிருங்க. அவருக்கு மூணு மாசம் லைசென்ஸ் இல்லீன்னா பஸ்ல போவாரு. உங்களுக்கு அப்படியா?" என்று கெஞ்சினார். உண்மையைச் சொன்னால் மாமியாரின் கதையில் அடுத்த பெண் நான்தான். சொல்லாவிட்டால் கடைசி டிரிப் இல்லை. வழக்காடலாம் என்றால் யார் ஓட்டியது என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அதற்குள் திருச்செங்கோட்டிலிருந்து மாமியார் போனில் விசாரித்தார். "சம்பந்திக்குக் கண்ணு கொஞ்சம் மங்கியிருக்குமுங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, வயசாச்சில்லீங்க" என்றார். தன் கண்ணைப் பற்றி ஓர் ஓட்டுநர் அப்படி ஒப்புக்கொண்டதைக் கேட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. கல்யாணம் எனக்கு, ராசி எனக்கு, என்னை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அப்பாவிடம் சண்டைக்கு நின்றேன். அவர் தன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் மிதிச்சேன். அந்தச் சத்தத்துலதான் அவரு திரும்பிப் பாத்தாரு. ரோட்டப் பாக்கவிடாம பண்ணது என் காலு. அப்ப ஓட்டுனது யாரு, சொல்லு?"

"ஸ்டியரிங் அவரு கைல இருந்துச்சுங்கப்பா."

"சாவி குடுத்தது நானு. போ சாமி, போயிச் சாப்புடு."

விசாரணையன்று காலையில் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து பேருந்து ஏறி நேராக அந்த அலுவலகத்துக்கே வந்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார். அவர்மீது எனக்கு முதன்முதலாக அன்பு வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். "மாமா, நான் சொல்லிர்றேனுங்க. எங்கம்மா என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா அவரைக் கைப்பிடித்து எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"நீங்க பாத்துக்குவீங்க மாப்ள, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு உங்க ஊட்டுல ஒரு பாலு திரிஞ்சு போனாக்கூட என் புள்ளையத்தான் பாப்பாங்க. அப்ப நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. எனக்காவ இந்த டீயக் குடிச்சுட்டு இங்கயே இருங்க."

மாமனார் கைப்பட வாங்கிக் கொடுத்த டீ. அதை வைத்துவிட்டு எழுந்து வர அவரால் முடியவில்லை. அவர் குடித்து முடிப்பதற்குள் அப்பா உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கடைசி நாளன்று அப்பா டெப்போவில் நேரக் காப்பாளர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அவருடைய வண்டி அவர் எதிரிலேயே வேறொருவர் கையில் கிளம்பிப் போனது. கண்டக்டர் மாலை வாங்கி வந்திருந்தார். வண்டிக்குப் போடுவதற்கில்லை, அப்பாவுக்கே போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் உட்கார வேண்டிய இருக்கை கிளம்பிப் போய்விட்டதால் அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

உரிமம் திரும்பக் கிடைத்த பிறகும் அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கண்ணு சரியில்லை என்று ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட மனிதர் திடீரென்று எப்படி ஓட்டுவார்? என் கணவரோ, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் சாவியைத் தொடவே மாட்டார். அதனால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா இடப்பக்கம் உட்காருவார், கால் மிதிக்கும், ரப்பர் தேயும். எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் மாமியார், "எங்க பையன் அன்னைக்கு ஓட்டாததே நல்லதாப் போச்சுங்க" என்பார். என் கணவருக்குச் சோறு இறங்காது. ஏதோ சொல்ல வாயெடுப்பார். உடனே அப்பா, "மாப்ளைக்கு ரசம் ஊத்துங்க" என்பார். எத்தனையோ ரசத்தில் அந்த உண்மை கரைந்து போயிருக்கிறது.

சென்ற ஆண்டு அப்பா போய்விட்டார். காரியத்தன்று பந்தி முடிந்து சொந்தங்கள் உட்கார்ந்திருந்தபோது மாமியார் பெருமூச்சுவிட்டு, "தங்கமான மனுசன். கண்ணு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா அந்தக் கடைசி டிரிப்பும் ஓட்டியிருப்பாரு" என்றார். ரசம் ஊற்றச் சொல்ல ஆள் இல்லை. என் கணவர் எழுந்து நின்றார்.

"அன்னைக்கு ஓட்டுனது நாந்தானுங்கம்மா. மாமா இல்ல."

மாமியார் மகனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் கண்கள் கலங்கின.

"பாத்தீங்களா? செத்தவரு பேருக்கு ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு பழியத் தன் தலைல போட்டுக்கறான். இப்படி மருமவன் யாருக்கு அமையும்?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கணவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இல்லீங்க அத்தை, அவருதான் ஓட்டுனாரு. நான் பின்னாடி உக்காந்திருந்தனுங்க" என்றேன். மாமியார் என் தலையைத் தடவினார். "நீயும் உங்கொப்பன மாதிரியே நல்லவ சாமி" என்றார்.

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியை நான் என் கணவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினார். நாமக்கல்லுக்குள் வந்து அந்தச் சிக்னலை நெருங்கினோம். மஞ்சள் விழுந்தது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் பக்கத்தில் தரை அதிர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் பார்த்தேன். ரப்பர் தேய்ந்த அதே இடத்தில் என் கணவரின் வலது கால் அழுந்தியிருந்தது. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகும் அவர் அதை எடுக்கவில்லை.