முதலில் பேக்கப், பிறகு ஸ்க்ரூட்ரைவர்

கேபிளைச் செருகி, 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?' என்று ஃபோன் கேட்கும் கேள்விக்கு அதன் சொந்தக்காரியையே ஆமாம் போட வைத்துவிட்டு, நுஸைபா தன் நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். திரை வந்தவளின் பக்கம் இருக்கும். நுஸைபாவின் மடியில் ஒரு கிண்ணம் வறுத்த தர்ப்பூசணி விதை. பேக்கப் முடிகிறவரை அதைக் கொறிப்பாள். நடுநடுவே, "எத்தனை சதவீதம்?" என்று சுவரிடம் கேட்பாள். "முப்பத்தெட்டு அக்கா" என்று முதுகுப் பக்கமிருந்து பதில் வரும். அந்தச் சுவரில் பார்ப்பதற்கென்று ஒன்றும் கிடையாது. போன வருஷத்துக் காலண்டரும் ஓர் ஈரக்கறையும்தான்.

இர்பித் நகரின் பல்கலைக்கழகச் சாலையில் ஃபோன் பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் ஆண்கள் நடத்துபவை. தங்கச்சி கல்யாணத்தில் முக்காடில்லாமல் ஆடிய படமெல்லாம் இருக்கிற ஃபோனை எந்தப் பெண் அங்கே விட்டுவிட்டு வருவாள்? திரை உடைந்தாலும் விரலில் கண்ணாடித்தூள் குத்தக் குத்தத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவர்கள்தான் பெண்கள் தையற்கடைக்குப் பக்கத்துப் படியேறி இவளிடம் வருகிறார்கள். நாற்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, மூக்கின் நுனியில் நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. ஆண்கள் வந்தால் கீழ்ப்படியோடு சரி. "அங்கயே நில்லுங்க, உங்க வீட்டுக்காரிய அனுப்புங்க" என்று மேலேயிருந்தே சொல்லிவிடுவாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பேக்கப் எடுக்காத ஃபோனில் ஸ்க்ரூட்ரைவர் படாது. அவசரக்காரிகள் கெஞ்சிப் பார்ப்பார்கள்.

"திரை மாத்தப் பத்து நிமிஷம்தானே அக்கா?"

"பத்து நிமிஷத்துல ஒரு மனுஷன் உசிரே போயிடும் கண்ணு. உக்காரு."

"எல்லாம் கிளவுட்ல இருக்கு அக்கா."

"இருந்தா எறக்கிக் காட்டு."

இறக்கிக் காட்டப் போனால்தான் இடம் நிரம்பி வருஷக்கணக்காகிவிட்டது தெரியவரும். அந்த நேரத்தில் அவர்கள் முகம் போகிற போக்கை நுஸைபா வெகுவாக ரசிப்பாள். அதை மறைக்கவும் மாட்டாள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. கடை போட்ட புதிதில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் ஃபோனுக்கு பேக்கப் எடுக்காமல் பேட்டரி மாற்றினாள். அது அதன்பின் கண் விழிக்கவேயில்லை. அந்த ஆசிரியை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நுஸைபா மறந்திருப்பாள். "பரவால்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து மெல்லப் படியிறங்கிப் போனாள் அவள். பன்னிரண்டு வருஷமாகியும் அந்தப் 'பரவால்ல' நுஸைபாவை விடவில்லை.

யாருடைய பிரதியையும் கடையில் வைத்துக்கொள்ள மாட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிவரச் சொல்லி, அதிலேயே மென்பொருளை ஏற்றி, அதிலேயே எடுத்துக் கொடுப்பாள். மென்பொருள் பாஸ்வேர்ட் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்வாள். "எங்கிட்ட சொல்லாத. என் வாய் ஓட்டை வாய், எனக்கே தெரியும். ஆனா மறந்துட்டு வந்து நிக்காத. அதை மறந்தா இந்தப் பொட்டியைத் திறக்க எவனாலயும் ஆகாது." எல்லோரும் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள்.

போன வாரம் அப்படித்தான் மய்ஸூன் வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகள் தீமா, கக்கத்தில் துண்டில் சுற்றிய பழைய லேப்டாப், கையில் செத்துப்போன ஃபோன். நுஸைபா ஃபோனைத் திறந்து, முகர்ந்து பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"என்னடி இது, மன்ஸஃப் வாசனை அடிக்குது?"

"தயிர்க்கட்டி ஊறவெச்ச சட்டியில விழுந்துடுச்சு அக்கா."

"சட்டிக்கு மேல ஃபோனுக்கு என்ன வேலை?"

மய்ஸூன் தரையைப் பார்த்தாள். "அம்மா குரலைப் போட்டுக் கேட்டுக்கிட்டே சமைப்பேன்."

அவளுடைய அம்மா போன குளிர்காலத்தில் காலமானவள். மய்ஸூனுக்குக் கல்யாணமான புதிதில், மன்ஸஃப் என்கிற ஆட்டுக்கறிச் சோற்றுக்குத் தயிர் காய்ச்சுவது எப்படி, திராட்சை இலை சுருட்டுவது எப்படி என்று ஃபோனில் குரல் பதிவாகவே அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் மகள் அம்மாவின் தெருவுக்கே குடிவந்துவிட்டதால் குரல் அனுப்பும் வேலை இல்லாமல் போயிற்று. நேரிலேயே வந்து திட்டினாள். ஆக, அந்தப் பழைய குரல்கள்தான் மிச்சம். "ஃபோட்டோ எல்லார்கிட்டயும் இருக்கு அக்கா. குரல் எங்கிட்ட மட்டும்தான்" என்றாள் மய்ஸூன்.

ஃபோனின் போர்டு போய்விட்டது. நுஸைபா அதைப் பூசி மெழுகாமல் சொன்னாள். இருப்பது மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் கடையிலேயே எடுத்த ஒரே ஒரு பேக்கப், அந்த லேப்டாப்பில். அதற்குப் பாஸ்வேர்ட் தெரியவில்லை. இரண்டு நாளாக மய்ஸூன் போட்டுப் பார்க்காதது இல்லை. தீமாவின் பெயர், தீமாவின் பிறந்தநாள், தீமாவின் பெயரோடு பிறந்தநாள், கல்யாணத் தேதி, புருஷனின் வண்டி எண். பெட்டி எதற்கும் அசையவில்லை.

நுஸைபா விதைக் கிண்ணத்தை மேசையடியில் வைத்தாள். அவள் வேலையில் அவளுக்கே பெருமையான பகுதி இனிமேல்தான்.

"பாஸ்வேர்டத் தேடாத. அதைப் போட்டவளைத் தேடு. அன்னைக்கு என்ன உடுத்தியிருந்த?"

"கருநீல அபாயா. கல்யாணத்துக்கு எடுத்தது."

"யாரோட சண்டை?"

"நாத்தனாரோட. என் பட்டுத் துணிய அவ எடுத்துக் கட்டிக்கிட்டா."

"நல்லா நினைவு வெச்சிருக்க. பாஸ்வேர்ட் மட்டும் மறந்துட்ட. அப்ப கல்யாணமாகி எத்தனை மாசம்?"

"நாலு."

"தீமாவுக்கு எத்தனை வயசு?"

"ரெண்டு முடிஞ்சிடுச்சு."

"அடிப்பாவி. பொறக்காத பிள்ளையோட பிறந்தநாள எப்படிடி அன்னைக்குப் போட்டிருப்ப?"

தன் பெயர் அடிபடுவதைக் கேட்டுத் தீமா சிரித்தாள். மய்ஸூனுக்கும் சிரிப்பு வந்தது; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நுஸைபா மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் விரலால் தட்டியபடி கேட்டாள்:

"அந்த வீட்ல அப்ப உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க?"

மய்ஸூன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைப்பார்கள். ஆகவே கல்யாணமான மறுநாள் காலையிலேயே, கருவில்கூட இல்லாத அந்தப் பிள்ளைக்கு மருமகளைத் தாயாக்கிவிடுவது அந்த வீடுகளின் வழக்கம். மய்ஸூனின் மாமனார் பெயர் ஃபர்ஹான். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அங்கே 'உம்மு ஃபர்ஹான்', ஃபர்ஹானின் அம்மா. காப்பி கேட்டாலும் அப்படித்தான், கதவைத் திறக்கச் சொன்னாலும் அப்படித்தான். பிறகு தீமா பிறந்தாள். வீடும் தெருவும் ஒரே நாளில் 'உம்மு தீமா'வுக்கு மாறிவிட்டன. வராத பிள்ளையை எல்லோரும் மறந்தார்கள், அவனுடைய தாயும் சேர்த்து.

"போடு" என்று சொல்லிவிட்டு நுஸைபா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் தடவை எழுத்து தவறிப்போயிற்று. இரண்டாம் தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள் மய்ஸூன். பச்சைக்கோடு ஓட ஆரம்பித்தது.

"எத்தனை சதவீதம்?" என்றாள் நுஸைபா.

விதைக் கிண்ணம் மேசையடியிலேயே கிடந்தது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பெட்டிகள் திறந்தாயிற்று, இன்னும் இந்த இரண்டு நிமிஷம் அவளுக்குப் பழகவில்லை.

"வந்துடுச்சு அக்கா. நூத்திப்பன்னெண்டு இருக்கு." மய்ஸூன் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினாள். "நீங்களே அழுத்துங்க."

நுஸைபா திரும்பி, பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தினாள். எங்கோ பாத்திரம் உருளும் சத்தம், அதற்குப் பின்னால் ஒரு கிழவியின் கறாரான குரல்:

"மய்ஸூன், எங்க இருக்க? ஃபோன அந்தாண்ட வை. தயிர் காயறப்ப கைய எடுக்காத. ஒரே பக்கமாக் கிண்டு. போன தடவை திரியவிட்டு உன் மாமியார் முன்னால என் மானத்த வாங்கின. தண்ணி போதும், இன்னும் ஊத்தாத. எனக்குப் பதில் பேசாத, கிண்டு."

"சரி, யம்மா" என்றாள் மய்ஸூன், லேப்டாப்பைப் பார்த்து.

குரல் நின்றது. பாட்டி எங்கே என்று தீமா திரையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். வாசலில் இரண்டு பெண்கள் உடைந்த ஃபோனோடு காத்துக்கொண்டிருந்தார்கள். நுஸைபா கையை நீட்டி, யாரும் கேட்காமலேயே, அதை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.