மிதிக்காத கம்பளி

யாங்கூன் நகரத்துப் பபேடான் பேட்டையில் மசூதிக்குப் பின்னால் ஓடும் சந்து. சிமெண்டுத் தொட்டிக்குள் நின்று செல்லக்கண்ணு கம்பளி மிதித்துக்கொண்டிருக்கிறார். கைலி முழங்காலுக்கு மேல் சுருண்டிருக்கிறது. குதிகாலை வைத்து, பிறகு விரல்களால் அழுத்தி, பூனை படுக்கையைப் பிசைவதுபோல நிதானமாக நகர்கிறார். கம்பளியைக் கையால் கசக்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. “அது என்ன சட்டைக் காலரா, போட்டுக் கசக்க?” என்பார்.

யாங்கூன் வெயிலில் கம்பளி வெளுத்துப் பிழைக்க முடியுமா என்று எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஆபித் இன்னமும் கேலி செய்கிறார். பிழைப்பு நடக்கத்தான் செய்கிறது. மலை ஊர்களில் உறவு உள்ளவர்கள், ஜப்பானுக்கு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், பழைய விரிப்பை எறிய மனமில்லாத கடைக்காரர்கள் என்று யாராவது வருகிறார்கள். கம்பளியை வாங்கியதும் செல்லக்கண்ணு முகர்ந்து பார்ப்பார். பச்சைத் தண்ணீரில்தான் அலசுவார். “சுடுதண்ணி பட்டா கம்பளி கோவிச்சுக்கிட்டுச் சுருங்கிப்புடும்.”

யாங்கூனுக்கு வடக்கே மாவ்பி ஊரில் அவர் அப்பா ஆடு வைத்திருந்தார். ஆடுகளை ஓடையில் குளிப்பாட்டிக் காயவிட்டு மயிர் கத்தரிப்பார்கள். வில்லின் நாணால் அதை அடிக்கும்போது வீடெல்லாம் கறுப்புப் பஞ்சு பறக்கும். சோற்றிலும் விழும். ஆத்தா தக்ளியில் நூற்பாள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவாள். அப்பா குழித்தறியில் நெய்வார். தறியிலிருந்து அறுத்த துணி வலைபோல லொடலொடவென்றிருக்கும். அதைச் சுடுநீரில் மிதித்தால்தான் மயிரோடு மயிர் கவ்விக் கம்பளியாகும். அந்த வேலை பிள்ளைகளுக்கு. செல்லக்கண்ணுவும் தங்கை சத்யபாமாவும் எதிரெதிரே நின்று கைகோத்து மிதிப்பார்கள். கால் வழுக்கி அவள் விழுவாள், இவரையும் இழுத்துக்கொண்டு விழுவாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். ஆனால் தங்கை பெயரை வெகுகாலம் சொன்னதில்லை. “கூட ஒரு ஆளு இருந்துச்சு” என்பதோடு சரி.

அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள், டவுன்ஜி மலையில் லாரி ஓட்டிய ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள் சத்யபாமா. “இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று இவர் சொன்னார். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தார். அவள் புருஷன் செத்த செய்தி வந்தபோதுகூடப் போகவில்லை.

போன மார்கழியில் அவளே வந்தாள். இரவு பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நரைத்த கொண்டை, கையில் துணிப்பை. “அண்ணே” என்று தொட்டியருகே நின்றாள். இவர் திரும்பாமல் மிதித்தார். அவள் பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்துத் தொட்டி விளிம்பில் போட்டாள்.

“அப்பா கடைசியா நெய்ஞ்சது. தறியிலேருந்து அறுத்த வாரமே அவரு போயிட்டாரு. யாரும் மிதிக்கல.”

செல்லக்கண்ணுவின் கால் நின்றது. “இதை எடுத்துட்டுப் போனது நீதானா?”

“ஆத்தாதான் குடுத்துச்சு. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னுச்சு.”

“இப்ப எதுக்குக் கொண்டாந்தே?”

“பேத்தி பொறந்திருக்கா. அங்க குளிரு ஜாஸ்திண்ணே. அதுக்குப் போத்தணும்.”

அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்தார். இழைகளுக்கிடையே வானம் தெரிந்தது. “நூலு மக்கியிருந்தா சுடுதண்ணியில குழம்பாயிரும். அப்புறம் அப்பா நெய்ஞ்சதுன்னு ஒண்ணும் இருக்காது.”

“பொட்டியிலயே கெடந்து பூச்சி தின்னா மட்டும் இருக்குமா?”

அவர் கீழே இறங்கினார். தொட்டியைக் காலி செய்தார். பிறகு சந்தின் குறுக்கே குரல் கொடுத்தார்: “ஆபித் பாய், கொதிக்கிற தண்ணி வேணும்!”

“ஒங்களுக்கா? சுடுதண்ணியா?” என்ற ஆபித், பக்கத்தில் நின்றவளைப் பார்த்துவிட்டு, “யபாடே, யபாடே, இருக்கட்டும்” என்று பர்மியும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டு கெட்டிலைத் தூக்கி வந்தார்.

பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, சவுக்காரம் கரைத்துத் துணியை அமிழ்த்தி ஏறினார். சற்று நேரத்தில் துணி ஒரு பக்கமாகவே சுருண்டு ஒதுங்கியது. மறுபக்கம் அப்படியே மிதந்தது. இறங்கி நகர்த்தி மறுபடி ஏறிப் பார்த்தார். மறுபடி ஒதுங்கியது.

“ஒத்த ஆளு மிதிச்சா இப்புடித்தான். ஏறு.”

“முட்டி வலிண்ணே.”

“புடிச்சிக்க.”

அவள் ஏறினாள். எதிரெதிரே நின்று கைகோத்தார்கள். அப்படி நின்றால் எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. முதலில் இருவரும் தண்ணீரையே பார்த்தார்கள். பிறகு அவள் கால் வழுக்கியது. அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. “மிதி, நிக்காத. ஆறிடும்” என்றார் அவர்.

ஆபித் இன்னொரு கெட்டில் ஊற்றினார். துணி குழம்பாகவில்லை. அகலம் குறைந்து, தடித்து, காலுக்கடியில் மெத்தென்று எழுந்தது. பிழிந்து கொடியில் போட்டபோது வெளிச்சம் அதைத் தாண்டி வரவில்லை. சத்யபாமா கன்னத்தை அதில் வைத்துப் பார்த்துவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். கால்கள் இரண்டும் சூட்டில் சிவந்து ஊறிப்போயிருந்தன.

செல்லக்கண்ணு தோள்துண்டை உதறிக்கொண்டு வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். “ஐயோ, வேணாண்ணே” என்று அவள் இழுத்துக்கொண்ட காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக ஈரம் துடைக்கத் தொடங்கினார்.