எங்க பக்கம் அப்படி யாரும் இல்ல

அழகுமலைக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. குரோமோசோம் நிற்கும். கோரிப்பாளையம் சிக்னலில் யாராவது பைக்கை நிறுத்தி, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து வைப்பார். அதே ஆளின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் காட்டினால், எந்த ஊர், எந்த வீடு என்று சொல்லிவிடுவார். தல்லாகுளத்தில் அவர் வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். ஒரு தனியார் மரபணு மையத்தில் அவர் லேப் டெக்னீஷியன். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால்தான் அவர் மேல் இவ்வளவு கோபம் வந்தது.

தன் வேலையை எனக்கும் விளக்கியிருக்கிறார், நான் கேட்காமலே. ரத்தத்தையோ, வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீரையோ கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள செல்களைச் சில நாள் வளரவிட்டு, சாயம் ஏற்றிப் படமெடுத்து, குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்ப்பது. மனிதருக்கு இருபத்து மூன்று ஜோடி. இருபத்தோராவது இடத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம்; அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும், முகச் சாயலிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்த மூன்றாவது தானாக வந்து சேர்ந்ததுதான். சில வீடுகளில் மட்டும் அது இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு பரம்பரையாக வருமாம். ஒட்டு உள்ள ஆள் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார், பார்த்தால் தெரியாது. அவருடைய பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ அது வெளிப்படலாம். முன்கூட்டியே தெரிந்துகொண்டால், கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலேயே அந்த நீரை எடுத்துச் சோதித்துவிடலாம். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த ஒட்டு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதுதான் மையத்தின் தலைவி டாக்டர் ஸ்ரீஜா செய்துவந்த ஆராய்ச்சி.

டாக்டர் முடிவைச் சொன்னதும் குடும்பத்தாரை அழகுமலையிடம் அனுப்பிவிடுவார். கிராமத்து ஆட்களுக்கு அவர்கள் பேச்சிலேயே சொன்னால்தான் மனதில் ஏறும். அழகுமலை திருமங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை, அந்தப் பேச்சு அவருக்குத் தானாக வரும்.

"நீ கிரகணத்துல வெளிய வந்ததுனால இல்ல தாயி. செய்வினையும் இல்ல. யார் மேலயும் தப்பு இல்ல. பிள்ளைய மட்டும் ஒளிச்சு வைக்காத. கல்யாணம் காச்சி, கோயில் குளம், எங்க போனாலும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ. வெக்கப்பட இதுல என்ன இருக்கு?"

அழுதுகொண்டே உள்ளே போகிற தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்களாம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

இவ்வளவு பேசுகிற மனிதரின் வீட்டில் கருத்தக்கண்ணன் இருந்தான். கூடப்பிறந்த தம்பி. நாற்பதைத் தொடப் போகிறவன். அவனுக்கும் அதே டவுன் சிண்ட்ரோம். தாய் தகப்பன் போன பிறகு அழகுமலையும் அவர் மனைவி முத்துமீனாவும்தான் அவனுக்கு எல்லாம். சோறு, துணி, மருந்து எதிலும் குறை வைத்ததில்லை; அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிவிடும். ஆனால் மையத்தில் ஒருவருக்கும் அவனைப் பற்றித் தெரியாது. அங்கிருந்து யாராவது வீட்டுக்கு வந்தாலோ, உறவில் பெரிய மனிதர்கள் வந்தாலோ, கருத்தக்கண்ணன் என் கடைக்கு வந்துவிடுவான். என் மனைவி விஜயத்தோடு உட்கார்ந்து பேப்பர் கட்டுகளை அடுக்குவான். கலர்ப் படம் ஏதாவது மெஷினிலிருந்து வந்தால் கைதட்டுவான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஊருக்கெல்லாம் டெஸ்ட் பாக்குறீங்க மாமா. இவனுக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாத்தா என்ன?"

"பாத்து, ஒட்டுன்னு வந்துச்சுன்னா? எனக்கும் இருக்கலாம், எம்மக சத்யாவுக்கும் இருக்கலாம் மாப்ள. பாக்காத வரைக்கும் ஒண்ணுமில்லன்னு இருந்துக்கிறலாம்ல?"

படித்த மனிதர் பேசுகிற பேச்சா இது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மெஷினில் டோனர் பொடியை மாற்றினேன்.

சத்யப்ரியா அவருடைய ஒரே மகள். தனியார் பள்ளியில் டீச்சர். முதலில் வந்த வரன் வீட்டார், கூடத்தில் கருத்தக்கண்ணனைப் பார்த்ததும் காபியைப் பாதி குடித்த நிலையில் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் திருமங்கலத்திலிருந்து தங்கப்பாண்டியின் ஜாதகம் வந்தது. பாலிடெக்னிக்கில் வாத்தியார். பெண்ணும் பையனும் போனில் பேசி, ஒருவருக்கொருவர் பிடித்தும் போயிற்று. இந்தக் கல்யாணம் கைநழுவக் கூடாது என்று அந்த வீடே தவித்தது.

"சித்தப்பாவ மறைக்கணுமாப்பா?" என்று சத்யப்ரியா கேட்டாளாம்.

"பூ வைக்கிற வரைக்கும்தான்டா. அப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ போன்ல எதையும் உளறிடாத."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தங்கப்பாண்டியை அவளுக்குப் பிடித்திருந்தது. பேசாமல் இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் கூடத்தில் இருந்தேன். கருத்தக்கண்ணன் வழக்கம்போல் என் கடையில். தாம்பாளத்தில் பூவும் பழமும் ஏந்திப் பையனின் அம்மா சோணையம்மாள் முதலில் நுழைந்தார். பின்னால் தங்கப்பாண்டி. அவனுக்குப் பின்னால் அவனுடைய அக்கா பாண்டீஸ்வரி, ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. மஞ்சள் கவுன், ஜடை நிறையக் கனகாம்பரம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எதிர்க் கடையில் இருக்கிறவனின் அதே கண், அதே மூக்கு.

வரவேற்கக் கும்பிட்ட கையை அழகுமலை கீழே இறக்கவே இல்லை.

"சார், நீங்களா!" என்றாள் பாண்டீஸ்வரி. "என்னையத் தெரியலையா? இவ கைக்குழந்தையா இருக்கையில உங்க லேபுக்குத் தூக்கிட்டு வந்தேனே. மாமியார் வீட்ல இவள யாருக்கும் காட்டக் கூடாதுன்னாக. நீங்க சொன்னதத்தான் நான் அவுககிட்டச் சொன்னேன், வெக்கப்பட இதுல என்ன இருக்குன்னு. இன்னைக்கும் அதான் கூட்டிட்டு வந்தேன்."

ஜாதகத்தில் பையனுடைய அக்காள் மகளைப் பற்றியா எழுதியிருக்கும்? இவருக்கோ முகமும் நினைவில் நிற்காது. தான் அழுகையைத் துடைத்து அனுப்பியவர்கள் தன் வீட்டுக்கே சம்பந்தம் பேச வருவார்கள் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சோணையம்மாள் தாம்பாளத்தை வைத்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க வீடுன்னு தெரியாமப் போச்சேண்ணே. எங்க குடும்பத்துக்கே தெம்பு குடுத்தவுகல்ல நீங்க!" அழகுமலையின் காது மடல் சிவந்துபோயிற்று. சமையலறை வாசலிலிருந்து முத்துமீனா கணவனையே பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

சோணையம்மாளே வழி திறந்துவிட்டார். "எங்களுக்கு மறைச்சுப் பேசத் தெரியாதுண்ணே. பேத்திக்கு ஒட்டு இல்ல, தானா வந்ததுதான்னு நீங்களே டெஸ்ட் பாத்துச் சொன்னீங்க. அதனால இவனுக்குப் பயமில்ல. உங்க பக்கமும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன், தப்பா நெனைக்காதீக. உங்க வழில அப்படி யாரும் உண்டா? இருந்தா இருக்கட்டும். பின்னால சின்னஞ்சிறுசுக முன்கூட்டியே டெஸ்ட் பாத்துக்கிறலாம்ல, அம்புட்டுத்தான்."

"எங்க பக்கம் அப்படி யாரும் இல்ல" என்றார் அழகுமலை.

லேபில் பேசுகிற அதே கனிவான குரலில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கல்யாணத்துக்காகத் தம்பியை இல்லை என்றதோடு போகவில்லை. பிறக்கப் போகும் பேரப்பிள்ளையைப் பற்றி நியாயமாகக் கேட்ட கேள்விக்கு, அந்த வேலையே செய்கிற மனிதர் சொன்ன பொய் அது.

காபித் தட்டோடு வந்து நின்ற சத்யப்ரியா, தட்டை டிவி ஸ்டாண்டில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கத்த. எங்க சித்தப்பா எதிர்த்த கடைல இருக்காரு. கூட்டிட்டு வாரேன்."

அழகுமலை எழுந்தார். பட்டுச்சேலையோடு அவள் தெருவைக் கடந்து போவது ஜன்னல் வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. திரும்பி வரும்போது கருத்தக்கண்ணனின் கையைப் பிடித்திருந்தாள். கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை, விரலெல்லாம் டோனர் கறுப்பு. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தான். கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தான். அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான்.

"அண்ணே, அவுக இன்னும் போகலையா?" என்றான். "அப்ப நான் அப்புறமா வாரேன்."

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. செருப்பை வெளியே கழற்றிப் போடுவதுபோல அதுவும் அந்த வீட்டின் ஒரு பழக்கம், அவ்வளவுதான். சொல்லிவிட்டு மறுபடியும் என் கடையைப் பார்த்துத் திரும்பி நடந்தான். அழகுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் கடையை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

சோணையம்மாள்தான் எழுந்து வாசலுக்குப் போனார். "போகாதீக தம்பி. உங்களையும் பாக்கத்தான் வந்திருக்கோம். உள்ள வாங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான். அழகுமலை துண்டை எடுக்காமலே, "வாடா" என்றார். பிறகு மெல்லச் சொன்னார். "என் கூடப்பொறந்தவன். டெஸ்ட் எடுக்கல தாயி. இவனுக்கும் எடுக்கல, எனக்கும் எடுக்கல. பயந்துக்கிட்டு இருந்துட்டேன். நாளைக்கே ரெண்டு பேரும் குடுத்துடுறோம்."

"குடுங்க. ஒட்டு இருந்தாலும் நாலாம் மாசம் என்ன செய்யணும்னு நீங்கதான எங்களுக்கே சொல்லித் தந்தீக. என் கவலை அது இல்லண்ணே."

சோணையம்மாள் தாம்பாளத்திலிருந்து பூவை எடுத்துச் சத்யப்ரியாவின் தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டார். தங்கப்பாண்டி மூச்சு விட்டது என் வரைக்கும் கேட்டது. பிறகு அந்த அம்மாள் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தேதி, மண்டபம், எது பேசுறதா இருந்தாலும் இனிமே பொண்ணுகிட்டயே பேசிக்கிறோம்ணே. உங்ககிட்ட வேணாம்."

அழகுமலை சரி என்று தலையாட்டினார். கருத்தக்கண்ணனுக்கு உட்கார இடம் இல்லை. தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, மகள் பேசி முடிக்கிற வரை சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.