இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒரு மேடு

ஃபெரி சாத்தம் படகுத்துறைக்கு வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், நான் மட்டும் இறங்கவில்லை. என் கணவர் காலிப் பையோடு ஜெட்டியில் நின்று கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். நானோ கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ஃபெரிக்காரர் இறங்கச் சொன்னதற்கு, “வாபஸ் ஜானா ஹை”, திரும்பிப் போகணும் என்றேன். இப்போதுதானே அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்தீர்கள் என்பது போல முறைத்தார். முறைக்கட்டும். அபர்டீன் பஜாரில் வாங்க வேண்டியதைக் கணவரே வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு வீட்டுக்கு ஓட வேண்டும்.

நான் இந்தத் தீவிலுள்ள கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மீதி நேரத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி. மிகக் கனமான அணுக்கருக்கள் எப்படி இரண்டாக உடைகின்றன என்று கணினியில் கணக்குப் போடும் வேலை. வெறும் திரவத்துளியாக நினைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் கருக்கள் பிறந்த கணமே பிய்ந்துபோக வேண்டும். உள்ளே புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் விதம் ஒரு சின்ன ஆற்றல் மேட்டை எழுப்பி அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மேடு கொஞ்சம் உயர்ந்தாலே கருவின் ஆயுள் பல்லாயிரம் மடங்கு கூடிவிடும்.

சிக்கல் இதுதான்: ஒரே கருவுக்கு என் கணக்கில் மேடு உயரமாக வந்தது, கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் என் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்யும் இன்னொரு மாணவரின் கணக்கில் குட்டையாக வந்தது. அவரிடம் பெரிய கணினி, என்னிடம் வீட்டு மேஜைக் கணினி. யாரை நம்புவார்கள்? அன்று மாலை இணையவழிச் சந்திப்புக்குள் நான் காரணம் சொல்லாவிட்டால் என் அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் என்று பேராசிரியர் நாசூக்காகச் சொல்லியிருந்தார். வருஷக்கணக்கான உழைப்பு அம்போ. அந்த வாரம் முழுக்க வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் வள்ளென்று விழுந்துகொண்டிருந்தேன்.

ஃபெரியில் நான் பார்த்துக்கொண்டு வந்தது அந்த மாணவரின் வளைகோட்டைத்தான். வழவழவென்று ஓடும் அழகான கோடு. அழகாயிருந்ததால்தான் யாரும் சந்தேகப்படவில்லை, நான் உட்பட. சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒவ்வொரு புள்ளியிலும் கரு என்ன வடிவத்தில் இருக்கிறது என்று அவர் அனுப்பிய எண்களில் தேடினேன். ஒரு புள்ளியில் சமமான இரண்டு பாதிகளாக நீண்டிருக்கிறது. அடுத்த புள்ளியில் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்து நிற்கிறது. அட! ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வடிவம் ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. சாத்தம் ஜெட்டியும் பாம்பூஃப்ளாட் ஜெட்டியும் ஒரே உயரம் என்பதற்காக நடந்தே போய்விட முடியுமா? நடுவில் என்ன இருக்கிறது என்று அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை.

அந்த இரண்டு வடிவங்களுக்கும் இடைப்பட்டவற்றை மட்டும் நெருக்கமாகக் கணக்கிட்டால் போதும். அதற்கு என் கணினி தாராளம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தேன். எண்கள் ஒவ்வொன்றாக வர வர ஆற்றல் ஏறியது. ஏறு, ஏறு என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். ஏறிற்று, பிறகு இறங்கிற்று. எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனாலும் ஒரு மேட்டைத் தாண்டாமல் அந்தக் கருவால் உடைய முடியாது. எழுந்து நின்று கைதட்டினேன். பார்க்க ஆளில்லை, அதனால் என்ன?

மாலையில் படத்தைக் காட்டினேன். அந்த மாணவர் தன் பக்கத்து எண்களைச் சரிபார்த்துவிட்டு ஆமாம் என்றார், நல்ல மனுஷர். என் பழைய எண்ணும் கொஞ்சம் அதிகப்படிதான் என்பதும் தெரிந்தது. நான் எடுத்த புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தன. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டு பேர் நம்பரும் தப்பும்மா. ஆனா மேடு இருக்கு. உங்க அத்தியாயமும் இருக்கு.”

கணவர் உள்ளே வந்தபோது நான் இன்னும் திரை முன்னால்தான் இருந்தேன். காலையில் விட்டுவிட்டு ஓடியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அந்தக் கரு பிழைத்ததா என்று கேட்டார். பிழைத்தது என்றேன். எவ்வளவு நேரம் என்றார்.

“கண்ணைச் சிமிட்டுற நேரம்கூட இல்லைங்க. ஆனா அவங்க கணக்குப்படி அது பொறந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப, அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு ஒரு கருவியாவது பார்த்துரும்.”

“அரே, அது போதுமே. அப்புறம் ஏன் அழுற?”

சந்தோஷத்துக்கு ஒரு மனுஷி அழக்கூடாதா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். விழுந்துவிட்டு இன்னும் அழுதேன்.