சிரிக்க வைக்கும் அலறல்

நகைச்சுவைப் படங்களில் பொண்டாட்டி வேஷம் எந்த நடிகைக்குப் போனாலும், அவள் வாய்க்குள்ளிருந்து கத்துவது பின்னணிக் குரல் கொடுக்கும் கீச்சுக்காதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். புருஷனைச் சந்தேகப்படுகிறவள், நகைக்கு மூக்கைச் சிந்துகிறவள், மாமியாரோடு மல்லுக்கு நிற்கிறவள், எல்லாருக்கும் ஒரே தொண்டை. ஆனால் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது அலறல். திரையில் கணவன் ஓர் அறை விடுவான். இவள் "ஐயய்யோ" என்று உயரப் போய், உச்சியில் உடைந்து, வாலில் நாய்க்குட்டி மாதிரி ஒரு குயிங் போடுவாள். கொட்டகையே சிரிப்பில் அதிரும்.

குயிங்கைச் சொல்லிக்கொடுத்தவர் குரல் இயக்குநர். "அடி வாங்கினவ நெசமா அழுதா சனம் பாவப்படும்மா. பாவப்பட்டவன் எங்க சிரிப்பான்? கடைசியில ஒரு குயிங் போடு. வலிக்கலைன்னு அவனுக்குத் தெரியணும்."

கூடத்தில் பிசகினால் எல்லாரும் சிடுசிடுப்பார்கள். அதனால் அவள் சாயங்காலம் வீட்டில் கத்திப் பழகுவாள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப்பக்கம் டெய்லர் அக்கா குடும்பம். "அடி கீச்சு, இன்னொரு தடவை!" என்று அங்கிருந்து சிரிப்போடு குரல் வரும்.

கணவன் வேன் ஓட்டுகிறவன். முன்பெல்லாம் அடிக்கும்போது ஒரு கையால் அவள் வாயைப் பொத்திக்கொள்வான். ஒருநாள் பொத்த மறந்துபோனான். அவள் கத்தினாள். சுவருக்கு அப்பால் கலகலவென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு கையும் அடிப்பதற்கே கிடைத்தது.

"கத்துடி, உன் ரசிகருங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்பான்.

வாய் திறந்தால் ஓர் ஆளாவது ஓடி வர வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வீட்டில் பழகுவதை அடியோடு நிறுத்தினாள். பிறகு தயங்கித் தயங்கி டெய்லர் அக்கா வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, இனிமே வீட்ல பயிற்சி கிடையாது. சத்தம் கேட்டா..."

"கேட்டா?"

"வாங்கக்கா."

"வர்றேன், வர்றேன். டிக்கெட் எடுக்கணுமா?" அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தாள். "உன் சத்தம் இல்லாம எங்க வீட்ல சோறே எறங்காதுடி."

அடுத்த முறை, சோறு ஆறிப்போனதற்காக அடி விழுந்தது. "அக்கா" என்று சொந்தக் குரலில் கூப்பிடத்தான் கீச்சுக்கா வாய் திறந்தாள். தொண்டைக்குத் தெரிந்தது ஒரே வழி. உயரப் போனது, உச்சியில் உடைந்தது, குயிங்கென்று முடிந்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! வேறு அலறல் அவளிடம் மிச்சமில்லை.

"பயிற்சி கிடையாதுன்னியே, கள்ளி!" சுவர் சிரித்தது. அடுத்த அடியில் முன்பல் போனது.

மறுநாள் கூடத்தில் ஒவ்வொரு சொல்லிலும் காற்று விசிலடித்தது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டு நின்றாள். குரல் இயக்குநர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத்தனை நாள் இதை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த?"

"பல்லு சார்... வீட்ல..."

"கதவுல இடிச்சுக்கிட்டியா? நல்ல கதவு. படம் முடியறவரைக்கும் பல்லு கட்டிடாதே."

அன்று வீடு திரும்பும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். சத்தம் போட்டால்தானே சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் அவன் கூந்தலைப் பிடித்தபோது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் அடித்தான். சத்தம் வரவில்லை.

"என்னடி, இன்னிக்கு ஊமைப் படமா?" இன்னும் ஓங்கி அடித்தான்.

அந்தப்பக்கம் தையல் மெஷின் நின்றது. செருப்புச் சத்தம் வாசல்வரை வந்தது. கழுத்தில் டேப்பைப் போட்டபடி டெய்லர் அக்கா கதவைத் தள்ளினாள்.

"என்ன கீச்சு, வெறும் தொம்மு தொம்முன்னு கேக்குது, உன் குரலையே காணோமே..."

அப்படியே நின்றாள். கூந்தலுக்குள் அவன் கை. முந்தானையில் ரத்தம், தரையில் ரத்தம்.

அவன் பல்லைக் காட்டினான். "ஒத்திகை, தங்கச்சி. இன்னிக்கு நானும் நடிக்கிறேன்."

கீச்சுக்கா துணியைத் துப்பிவிட்டு அக்காவையே பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்பது கீச்சுக்காவுக்கும் தெரிந்தது.

"அண்ணனுக்கும் நடிப்பு நல்லாத்தான் வருது" என்று சொல்லி அக்கா சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றது. திரும்பிப் போகும்போது, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமலிருக்கக் கதவையும் நன்றாகச் சாத்திவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.